ஜான் சார்ன்லி

சர் ஜான் சார்ன்லி (ஆகஸ்ட் 29, 1911 – ஆகஸ்ட் 5, 1982) இங்கிலாந்தைச் சேர்ந்த எலும்பு மூட்டு அறுவை மருத்துவர் ஆவார். இன்று உலகெங்கும் செய்யப்படும் முழு இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு அடித்தளம் அமைத்தவர் என்று இவர் போற்றப்படுகிறார். உலோகத் தலை, பாலிஎத்திலீன் கிண்ணம், எலும்புச் சிமெண்ட் ஆகிய மூன்றையும் இணைத்து இவர் உருவாக்கிய முறை, நடக்க இயலாமல் வலியுடன் வாழ்ந்த எண்ணற்றோரை மீண்டும் நடக்க வைத்தது. பொருத்தப்பட்ட மூட்டில் கிருமித் தொற்று ஏற்பட்டால் நோயாளி அடையும் துன்பத்தைக் கண்ட இவர், அறுவை அரங்கின் காற்றைத் தூய்மைப்படுத்தும் பணியிலும் பல ஆண்டுகள் ஈடுபட்டார்.

இளமையும் கல்வியும்

சார்ன்லி இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள பெரி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஆர்தர் சார்ன்லி மருந்தாளுநர். தாய் லில்லி செவிலியராகப் பயிற்சி பெற்றவர். பஞ்சாலைகளும் பொறிப் பட்டறைகளும் நிறைந்த வட்டாரம் அது. இயந்திரங்களின் இயக்கத்தை அறிந்துகொள்ளும் ஆர்வம் இவரிடம் வாழ்நாள் முழுவதும் இருந்தது. பெரி இலக்கணப் பள்ளியில் படித்த பின்னர் 1929ஆம் ஆண்டு மான்செஸ்டரில் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். 1935இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் உறுப்பினர் தகுதியை அடைந்தார். அப்போது இவருக்கு வயது 25.

போர்க்காலப் பணி

இரண்டாம் உலகப் போரின்போது, 1940இல் சார்ன்லி பிரித்தானியப் படையின் மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். டன்கர்க் கடற்கரையிலிருந்து படையினரை மீட்ட நிகழ்வில் பணியாற்றினார். பின்னர் எகிப்தின் கெய்ரோ நகருக்கு அனுப்பப்பட்டார். அங்குப் படைப்பட்டறையின் துணையுடன் எலும்பு முறிந்தோருக்கான கட்டுத்தாங்கிகளையும் கருவிகளையும் வடிவமைத்தார். மருத்துவரும் கைவினைஞரும் ஒரே மேசையில் அமர்ந்து வேலை செய்யும் வழக்கம் இவருக்கு அங்கேயே படிந்தது எனலாம். போருக்குப் பின் மான்செஸ்டருக்குத் திரும்பி, 1947இல் மான்செஸ்டர் அரச மருத்துவமனையில் சிறப்பு மருத்துவரானார். எலும்பு முறிவை அறுவையின்றிக் குணப்படுத்துவது பற்றி 1950இல் இவர் வெளியிட்ட நூல் பல தலைமுறை மருத்துவ மாணவர்களால் படிக்கப்பட்டது.

தம் காலில் நேர்ந்த தொற்று

1946இல் சார்ன்லி ஆஸ்வெஸ்ட்ரி என்னும் ஊரிலிருந்த எலும்பு மருத்துவமனையில் சில மாதங்கள் பணியாற்றினார். ஒட்டுவைத்த எலும்பு எவ்வாறு வளர்கிறது என்பதை அறியும் பொருட்டு, தம் கணைக்கால் எலும்பிலேயே ஒரு சோதனை அறுவை செய்யுமாறு இளைய மருத்துவர் ஒருவரைக் கேட்டுக்கொண்டார். அறுவை நடந்த இடத்தில் கிருமி புகுந்து எலும்பில் சீழ் பிடித்தது. அதைக் குணப்படுத்த மீண்டும் அறுவை தேவைப்பட்டது.

எலும்பினுள் புகுந்த கிருமியை வெளியேற்றுவது எளிதன்று என்பது மருத்துவ நூல்கள் அனைத்திலும் உள்ள செய்தியே. சார்ன்லி அதை ஒரு நோயாளியாகவும் அனுபவித்தார். பிற்காலத்தில் இவர் தொற்றைத் தடுப்பதற்கு எடுத்துக்கொண்ட முயற்சிகளைப் படிப்போர் இந்நிகழ்வையும் நினைவில் கொள்வது பொருத்தமாகும்.

இடுப்பு மூட்டு ஆய்வின் தொடக்கம்

இடுப்பு மூட்டு பந்துக் கிண்ண வகையைச் சேர்ந்தது. தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பிலுள்ள கிண்ணம் போன்ற குழியில் சுழல்கிறது. இரண்டின் மேற்பரப்பையும் வழவழப்பான குருத்தெலும்பு மூடியுள்ளது. குருத்தெலும்பு தேய்ந்தால் எலும்போடு எலும்பு உரசும். ஒவ்வோர் அடியும் வலிக்கும், உறக்கமும் கெடும்.

1950களில் இதற்கு நிறைவான மருத்துவம் இல்லை. மூட்டை அசையாதவாறு இணைத்துவிடுவது ஒரு வழி. வலி நீங்கும், ஆனால் கால் மடங்காது. பாரிஸ் நகரத்து ஜூடே உடன்பிறப்புகள் 1946இல் அறிமுகப்படுத்திய அக்ரிலிக் தலையைப் பொருத்துவது மற்றொரு வழி. இவ்வகை மூட்டு பொருத்தப்பட்ட ஒருவர் அசையும்போதெல்லாம் அதிலிருந்து கிறீச்சென்னும் ஒலி எழுந்ததாகவும், அதைப் பொறுக்க இயலாமல் அவருடைய மனைவி உடனிருப்பதையே தவிர்த்ததாகவும் சார்ன்லி அறிந்தார். பிறர் வேடிக்கையாகக் கருதக்கூடிய இச்செய்தியை இவர் ஓர் அறிவியல் வினாவாக எடுத்துக்கொண்டார். ஒலி எழுகிறது என்றால் உராய்வு மிகுதியாக உள்ளது; உராய்வு மிகுந்தால் பொருத்திய உறுப்பு எலும்பிலிருந்து தளரும் என்பதே இவர் கண்ட விடை.

இயற்கை மூட்டுகளின் உராய்வை அளந்து பார்த்தபோது அது மிகக் குறைவாக இருந்தது. ஆகவே செயற்கை மூட்டிலும் உராய்வைக் குறைக்க வேண்டும் என்று முடிவு செய்தார். தலை சிறிதாக இருந்தால் கிண்ணத்தைத் திருப்பும் விசை குறையும் என்று கணக்கிட்டு, 22.225 மில்லிமீட்டர் விட்டமுள்ள உலோகத் தலையைத் தேர்ந்தெடுத்தார். உறுப்புகளை எலும்பில் நிலைநிறுத்த, பல் மருத்துவத்தில் பயன்பட்டுவந்த அக்ரிலிக் சிமெண்டை எடுத்துக்கொண்டார். இதில் மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பிரிவின் டென்னிஸ் ஸ்மித் இவருக்கு உதவினார். சிமெண்ட் ஒட்டும் பசையன்று. எலும்பின் நுண்துளைகளில் நிரம்பி, உடலின் பளுவைப் பரவலாக்கும் நிரப்பி ஆகும்.

டெஃப்லான் தோல்வி

கிண்ணத்திற்கு முதலில் சார்ன்லி டெஃப்லானைப் பயன்படுத்தினார். அது மிக வழுக்கலான பொருள். 1950களின் இறுதியில் தொடங்கி ஏறத்தாழ 300 நோயாளிகளுக்கு இம்மூட்டைப் பொருத்தினார். தொடக்கத்தில் கிடைத்த பயன் வியப்பளித்தது. வலியின்றி நடந்த நோயாளிகள் மகிழ்ந்தனர்.

ஆனால் சில ஆண்டுகளுக்குள் டெஃப்லான் விரைவாகத் தேய்ந்தது. தேய்ந்த துகள்கள் சுற்றியுள்ள திசுவைச் சிதைத்தன, மூட்டுகள் தளர்ந்தன, வலி திரும்பியது. இப்பொருளை உடல் எவ்வாறு ஏற்கிறது என்பதைச் சோதிக்க, சார்ன்லி தம் தொடையிலேயே டெஃப்லான் துகள்களைச் செலுத்திக்கொண்டார். அவ்விடத்தில் கட்டி உருவாயிற்று. இம்முடிவை 1963இல் மருத்துவ இதழில் வெளியிட்டார். மூட்டுத் தளர்ந்த நோயாளிகளை இவர் கைவிடவில்லை. அவர்களுக்கு மறு அறுவைகளைத் தாமே செய்தார்.

பாலிஎத்திலீன் கிண்ணம்

1962இல், நெசவு இயந்திரங்களின் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்ட ஒருவகை நெகிழியை விற்பனையாளர் ஒருவர் சார்ன்லியின் பட்டறைக்குக் கொண்டுவந்தார். அது மிக உயர் மூலக்கூற்று எடையுள்ள பாலிஎத்திலீன் ஆகும். சார்ன்லி முதலில் அதில் நம்பிக்கை கொள்ளவில்லை. பட்டறைத் தொழில்நுட்பர் ஹாரி கிரேவன், சார்ன்லி வெளியூர் சென்றிருந்தபோது அதைத் தேய்மானப் பொறியில் இட்டு ஓடவிட்டார். மூன்று வாரங்கள் ஓடியும் டெஃப்லான் ஒரு நாளில் தேய்ந்த அளவுகூட அது தேயவில்லை. திரும்பி வந்து இதைக் கண்ட சார்ன்லி தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

1962 நவம்பரில் இக்கிண்ணம் முதன்முறையாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டெஃப்லான் அளித்த பாடத்தால், இம்முறை சார்ன்லி அவசரப்படவில்லை. மூட்டைத் தயாரித்த லீட்ஸ் நகரத் தாக்ரே நிறுவனம், ரைட்டிங்டன் மருத்துவமனையில் பயிற்சி பெற்ற மருத்துவர்களுக்கு மட்டுமே அதை விற்க வேண்டும் என்று 1960களின் பிற்பகுதி வரை கட்டுப்பாடு விதித்திருந்தார். நோயாளிகள் ஆண்டுதோறும் வந்து மூட்டைக் காட்டிச்செல்ல ஏற்பாடு செய்தார். இறப்பிற்குப் பின் மூட்டை ஆய்வுக்கு அளிக்குமாறும் அவர்களைக் கேட்டுக்கொண்டார்; பலர் இசைந்தனர்.

தொற்றுக்கு எதிரான பணி

ரைட்டிங்டன் மருத்துவமனை முன்னர் காசநோயாளிகளுக்கான மருத்துவமனையாக இருந்தது. 1960களின் தொடக்கத்தில் இங்கு இடுப்பு அறுவை மையம் நிறுவப்பட்டது. தேய்மானச் சிக்கல் தீர்ந்த பின்னர், மற்றொரு சிக்கல் முன்னுக்கு வந்தது. அறுவை செய்துகொண்டோரில் நூற்றுக்கு ஏழு பேருக்கும் மேலாகத் தொற்று ஏற்பட்டது.

உடலின் பிற பகுதிகளில் புகும் கிருமிகளை வெள்ளணுக்களும் மருந்துகளும் பெரும்பாலும் அழித்துவிடுகின்றன. செயற்கை மூட்டில் நிலைமை வேறு. உலோகத்திற்கும் நெகிழிக்கும் இரத்த ஓட்டம் இல்லை. அவற்றின் மீது படியும் ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகள் தம்மைச் சுற்றி வழுவழுப்பான படலம் ஒன்றை அமைத்துக்கொள்கின்றன. இப்படலத்தினுள் நுண்ணுயிர்க்கொல்லிகள் முழுமையாகச் செயல்படுவதில்லை. எனவே மிகச் சில கிருமிகள்கூட மாதங்கள், ஆண்டுகள் கழித்து மூட்டைக் கெடுக்கக்கூடும்.

அரங்கிலுள்ளோரின் தோலிலிருந்து உதிரும் நுண்செதில்களுடன் கிருமிகள் காற்றில் மிதந்து, திறந்த காயத்தில் விழுகின்றன என்று சார்ன்லி கருதினார். காற்று வடிகட்டும் இயந்திரங்களைச் செய்துவந்த ஹோவர்த் நிறுவனத்துடன் சேர்ந்து, அறுவை அரங்கினுள்ளேயே கண்ணாடி அறை போன்ற சிறு கூடம் ஒன்றை அமைத்தார். வடிகட்டிய காற்று மேலிருந்து கீழாகத் தொடர்ந்து பாய்ந்தது. கூடத்தின் காற்று மணிக்கு ஏறத்தாழ 300 முறை மாற்றப்படும் அளவிற்கு இவ்வமைப்பு பின்னர் மேம்படுத்தப்பட்டது. நோயாளியின் தலையும் மயக்க மருத்துவரும் கூடத்திற்கு வெளியே இருந்தனர். மருத்துவரின் மூச்சுக் காற்றையும் உடற்காற்றையும் குழாய்வழி உறிஞ்சி வெளியேற்றும் முழு அங்கியையும் சார்ன்லி வடிவமைத்தார். நெசவு இடைவெளி நெருக்கமான துணியைப் பயன்படுத்தியதோடு, காயத்தை மூடும் முறையையும் திருத்தினார்.

இவற்றின் பயனாகத் தொற்று படிப்படியாகக் குறைந்து, 1970 அளவில் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே வந்தது. இம்முடிவுகளை 1972இல் வெளியிட்டார். பல மாற்றங்கள் ஒரே காலத்தில் செய்யப்பட்டதால், குறைவிற்குக் காற்று மட்டுமே காரணமா என்று சிலர் ஐயுற்றனர். பிரித்தானிய மருத்துவ ஆய்வுக் கழகம் இதைப் பெரிய அளவில் சோதித்தது. 8,000க்கும் மேற்பட்ட மூட்டு மாற்று அறுவைகளில், வழக்கமான அரங்கில் 1.5 விழுக்காடாக இருந்த ஆழ்தொற்று, மிகத் தூய காற்றுள்ள அரங்கில் 0.6 விழுக்காடாகக் குறைந்திருந்தது. லிட்வெல் குழுவினரின் இவ்வறிக்கை 1982 ஜூலையில், சார்ன்லி இறப்பதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னர் வெளியாயிற்று.

பின்வந்த பதிவேட்டு ஆய்வுகள் அனைத்தும் இதனோடு ஒத்துப்போகவில்லை. அறுவைக்கு முன் நுண்ணுயிர்க்கொல்லி அளிப்பது வழக்கமாகிவிட்ட காலத்தில் சீரோட்டக் காற்றமைப்பால் கூடுதல் பயன் உறுதியாகத் தெரியவில்லை என்ற அடிப்படையில், 2016இல் உலக நலவாழ்வு அமைப்பு தொற்றுத் தடுப்பிற்காக அதைப் பரிந்துரைக்கவில்லை. காற்று பற்றிய வாதம் தொடர்ந்தாலும், தொற்றைத் தவிர்க்க முடியாத விதி என்று ஏற்காமல் எண்ணி, அளந்து, குறைக்க வேண்டிய ஒன்றாக மாற்றியது சார்ன்லியின் பணியாகும்.

தொற்றுற்ற மூட்டுக்கான மருத்துவம்

சார்ன்லியின் காலத்தில், தொற்று முற்றிய செயற்கை மூட்டை முழுவதுமாக அகற்றிவிடுவதே பெரும்பாலும் இறுதி வழியாக இருந்தது. தலையும் கிண்ணமும் சிமெண்டும் எடுக்கப்பட்டு, அவ்விடம் தழும்புத் திசுவால் நிரம்ப விடப்படும். ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர் கேதோர்ன் கர்டில்ஸ்டோன் (1881–1950) காசநோயாலும் சீழாலும் கெட்ட இடுப்பு மூட்டுகளுக்காகச் செய்த அறுவையின் பெயரால் இது கர்டில்ஸ்டோன் முறை எனப்படுகிறது. சீழும் வலியும் பெரும்பாலும் அடங்கும். ஆனால் கால் பல சென்டிமீட்டர் குட்டையாகும், நடை சாயும், பலருக்கு ஊன்றுகோல் வாழ்நாள் துணையாகும்.

இதற்கு மாற்றுகளும் தோன்றின. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் புக்ஹோல்ட்ஸ் என்பவர் எலும்புச் சிமெண்டுடன் ஜென்டாமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைக் கலந்து பயன்படுத்தினார். தொற்றுற்ற மூட்டை அகற்றி, துப்புரவு செய்து, அதே அறுவையில் புதிய மூட்டைப் பொருத்தும் ஒருகட்ட முறையையும் அவர் வளர்த்தெடுத்தார். இருகட்ட முறையில் முதலில் மூட்டு அகற்றப்பட்டு, மருந்து கலந்த சிமெண்ட் இடைவெளி நிரப்பி வைக்கப்படுகிறது. வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்துத் தொற்று அடங்கிய பின்னர் புதிய மூட்டு பொருத்தப்படுகிறது. தொற்று தொடக்க நிலையிலேயே கண்டறியப்பட்டால், மூட்டை எடுக்காமல் கழுவித் துப்புரவு செய்வதும் உண்டு.

நோயாளியின் வாழ்வை அளத்தல்

அறுவை வெற்றி பெற்றதா என்பதை ஊடுகதிர்ப் படம் மட்டும் காட்டாது என்பது சார்ன்லியின் நிலைப்பாடு. பிரான்சு நாட்டின் மெர்ல் தொபிஞே, போஸ்தெல் ஆகியோர் 1954இல் வெளியிட்ட மதிப்பீட்டு முறையை இவர் திருத்திப் பயன்படுத்தினார். வலி, நடை, மூட்டின் அசைவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை புள்ளிகள் அளிக்கப்பட்டன. நோயாளிகளை மூன்று வகையாகவும் பிரித்தார். ஒரு பக்க இடுப்பில் மட்டும் நோயுள்ளோர் ஏ வகை. இரு பக்கமும் நோயுள்ளோர் பி வகை. முடக்குவாதம், இதயநோய் போன்ற பிற காரணங்களாலும் நடை குன்றியோர் சி வகை. நடக்க இயலாமைக்கு மூட்டுதான் காரணமா, வேறு நோய் காரணமா என்று பிரித்தறிய இது உதவியது. இவ்வகைப்பாடு இவருடைய பெயராலேயே இன்றும் வழங்குகிறது.

தொற்றுக்கு மருத்துவம் பெற்றோரின் வாழ்க்கைத் தரத்தை அறிய இத்தகைய அளவீடுகளே முன்னோடியாயின. கிருமி அழிந்தது என்று ஆய்வகம் சொல்வது நோயாளியின் கதையில் ஒரு பகுதியே. மீண்டும் மீண்டும் அறுவை, நீண்ட நாள் மருந்து, பிறரைச் சார்ந்திருத்தல், தொற்று திரும்புமோ என்னும் அச்சம் ஆகியவை எஞ்சி நிற்கின்றன. தொற்றின்றி முதல் அறுவையோடு நலம் பெற்றோரைவிட, தொற்றிலிருந்து மீண்டோரின் நடையும் மன நிறைவும் பொதுவாகக் குறைவாகவே உள்ளன. பிரித்தானியாவிலும் சுவீடனிலும் 140 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வொன்று, ஒருகட்ட முறையையும் இருகட்ட முறையையும் நோயாளிகள் கூறிய வலி, இயக்கம் ஆகியவற்றைக் கொண்டே ஒப்பிட்டது. 18 மாதங்களின் முடிவில் இரண்டிற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆயினும் ஒருகட்ட முறையில் மருத்துவம் பெற்றோர் முன்னதாகவே தேறினர்.

இந்தியச் சூழல்

இந்தியாவில் இடுப்பு மூட்டு மாற்றம் செய்துகொள்வோரில், தொடை எலும்புத் தலைக்கு இரத்த ஓட்டம் தடைப்பட்டு எலும்பு அழிந்த இளைஞரும் நடுவயதினரும் கணிசமாக உள்ளனர். வாழ்நாள் நீண்டிருப்பதால் இவர்களுக்கு மூட்டின் ஆயுளும் தொற்றின்மையும் இன்றியமையாதவை. நடை, வலி ஆகியவற்றோடு சம்மணமிட்டு அமர்தல், குந்துதல், தரையிலிருந்து எழுதல் ஆகியவையும் இங்கு அன்றாடத் தேவைகளாகும். மேலைநாட்டு மதிப்பீடுகளில் இவை முழுமையாக இடம்பெறுவதில்லை.

இருகட்ட மருத்துவம் பெறும் ஒருவர் பல மாதங்கள் மருத்துவமனைக்கு வந்து செல்ல வேண்டியுள்ளது. இராமநாதபுரம் மாவட்டத்து நயினார்கோவில் போன்ற வேளாண் ஊர்களில் இது கூலி இழப்பையும் துணைக்கு வருபவரின் வேலை இழப்பையும் குறிக்கும். இத்தகைய அறுவைகளுக்கு இம்மாவட்ட மக்கள் நெடுங்காலம் மதுரை போன்ற நகரங்களையே நாடினர். இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. முதல் அறுவையிலேயே தொற்றைத் தடுக்க வேண்டும் என்ற சார்ன்லியின் வற்புறுத்தல், மருத்துவமனை தொலைவிலுள்ள ஊர்களுக்கு இன்னும் மிகுதியாகப் பொருந்துகிறது.

குடும்பமும் சிறப்புகளும்

சார்ன்லி 1957இல் ஜில் ஹீவர் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். 1972 முதல் 1976 வரை மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் எலும்பு அறுவைத் துறைப் பேராசிரியராக இருந்தார். எலும்பு அறுவையில் அக்ரிலிக் சிமெண்டின் பயன்பாடு பற்றி 1970இலும், குறைந்த உராய்வு இடுப்பு மூட்டு பற்றி 1979இலும் நூல்கள் வெளியிட்டார். இவர் பெற்ற சிறப்புகளுள் சில:

1970 – பிரித்தானியப் பேரரசின் சிபிஇ விருது
1973 – கனடாவின் கெய்ர்ட்னர் விருது
1974 – அமெரிக்காவின் லாஸ்கர் மருத்துவ ஆய்வு விருது
1975 – அரச கழகத்தின் உறுப்பினர் தகுதி
1977 – சர் பட்டம்

மறைவும் மதிப்பீடும்

ஜான் சார்ன்லி 1982 ஆகஸ்ட் 5ஆம் நாள் தமது 70ஆம் வயதில் காலமானார். 2007இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரை, முழு இடுப்பு மூட்டு மாற்றத்தை இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த அறுவையாகக் குறிப்பிட்டது. இவர் வடிவமைத்த மூட்டு சிலருக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்துள்ளது. அறுவைக்குப் பின் தொற்று இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. நூற்றில் ஓரிருவருக்கு அது ஏற்படவே செய்கிறது. அவ்வாறு பாதிக்கப்பட்டோர் எத்தனை தொலைவு நடக்கிறார்கள், எவ்வளவு வலியுடன் உறங்குகிறார்கள், யாருடைய துணையின்றி எழுகிறார்கள் என்பவை இன்றைய மருத்துவ ஆய்வுகளில் முதன்மை அளவீடுகளாகிவிட்டன. ரைட்டிங்டன் மருத்துவமனை மூட்டு அறுவைக்கான சிறப்பு மையமாகத் தொடர்ந்து இயங்கிவருகிறது.